தொலைக்காட்சி முகங்களும் ரசிகர் புனைவும்

நாவல், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றின் கதாபாத்திரங்களை எடுத்து, ரசிகர்கள் தாமாகவே எழுதித் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் கதைகள் ரசிகர் புனைவு எனப்படுகின்றன. விலை வைக்காமல் பகிர்வதே இவற்றின் நெடுநாளைய வழக்கம். இதன் ஒரு கிளை கற்பனைப் பாத்திரங்களை விட்டுவிட்டு, உயிரோடு இருக்கும் பிரபலங்களையே கதைமாந்தர்களாக்குகிறது. இதை மெய்யாள் புனைவு எனலாம். பாப் இசைக் குழுவினரும் நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் இதில் அதிகம் எழுதப்பட்டவர்கள். 2000களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் இந்தக் கிளையிலிருந்து இன்னொரு வட்டம் உருவானது. செய்தித் தொலைக்காட்சி நெறியாளர்களும் அரசியல் நையாண்டிக் கலைஞர்களும் அதன் நாயகர்கள். ஜான் ஸ்டூவர்ட், ஸ்டீபன் கோல்பேர் இருவரும் அதன் மையம். கீத் ஓல்பர்மன், ரேச்சல் மேடோ, ஆண்டர்சன் கூப்பர் போன்ற செய்தியாளர்கள் அவர்களைச் சுற்றி இடம்பெற்றார்கள்.

வாழ்ந்துகொண்டிருக்கும் மனிதரைக் கதைக்குள் இழுத்துவருவது இணையம் கண்டுபிடித்த பழக்கம் அன்று. 1826இல் இங்கிலாந்தின் ஹாவர்த் ஊரில், தந்தை வாங்கிவந்த மரப் பொம்மைச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு பிராண்டி வீட்டுப் பிள்ளைகள் கதை கட்டத் தொடங்கினர். சார்லட் தன் சிப்பாய்க்கு வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தாள். பிரபு அப்போது உயிரோடிருந்த அரசியல் பிரமுகர். அடுத்த பல ஆண்டுகளுக்கு அவரும் அவருடைய மகன்களும் அந்தப் பிள்ளைகள் படைத்த கற்பனை நாட்டில் ஆண்டார்கள், காதலித்தார்கள், சதி செய்தார்கள். பின்னாளில் ‘ஜேன் அயர்’ எழுதிய கை பழகியது இந்தக் கதைகளில்தான்.

இன்றைய ரசிகர் புனைவின் நேரடி வேர் 1966இல் ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்’ தொடர். அதன் ரசிகர்கள் 1967இலேயே ‘ஸ்பாக்கனேலியா’ என்ற கையிதழைக் கொண்டுவந்தார்கள். 1974இல் கேப்டன் கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் இடையே காதல் இருப்பதாகக் கற்பனை செய்த கதை அச்சேறியது. இரு ஆண் பாத்திரங்களை இணைத்து எழுதும் ‘ஸ்லாஷ்’ வகை அதிலிருந்து பெருகியது. இதை எழுதியவர்களும் வாசித்தவர்களும் பெரும்பாலும் பெண்கள் என்பதை 1992இல் வெளிவந்த ஹென்றி ஜென்கின்ஸ், கமில் பேக்கன்-ஸ்மித் ஆகியோரின் நூல்கள் பதிவு செய்தன. ரசிகர் என்றால் கிடைத்ததை விழுங்கும் கூட்டம் என்ற எண்ணத்தை உடைத்தவை இந்த இரு நூல்கள். ரசிகர்கள் படித்ததைப் பிரித்துப் பார்த்துத் திரும்ப எழுதுகிறவர்கள் என்று அவை காட்டின.

1998இல் தொடங்கிய ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் தளம் 2000களின் தொடக்கத்திலேயே மெய்யாள் கதைகளுக்குத் தடை போட்டது. எனவே அவை 1999இல் தொடங்கப்பட்ட லைவ்ஜர்னல் தளத்தில் அடைக்கலம் புகுந்தன. அங்கே குழு அமைக்கலாம். ஒரு பதிவை உறுப்பினர் மட்டும் காணும்படி பூட்டியும் வைக்கலாம். இந்தப் பூட்டு வசதி இல்லாமல் செய்தியாளர்களைப் பற்றிய புனைவு இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது.

காமெடி சென்ட்ரல் தொலைக்காட்சியில் 1996இல் தொடங்கிய ‘தி டெய்லி ஷோ’ நிகழ்ச்சியை 1999 ஜனவரியில் ஜான் ஸ்டூவர்ட் ஏற்றார். அதுவரை பொதுவான கேலி நிகழ்ச்சியாக இருந்ததை அவர் அரசியல் பக்கம் திருப்பினார். ஈராக் போரும் 2004 தேர்தலும் அவரைத் தலைமுறையின் குரலாக்கின. அந்த ஆண்டு ஜனவரியில் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கெடுப்பில், 30 வயதுக்குட்பட்டவர்களில் 21 விழுக்காட்டினர் தேர்தல் செய்திகளை இத்தகைய நகைச்சுவை நிகழ்ச்சிகளிலிருந்து வழக்கமாக அறிந்துகொள்வதாகச் சொன்னார்கள். அந்த நிகழ்ச்சியின் செய்தியாளராக நடித்த ஸ்டீபன் கோல்பேர் 2005 அக்டோபர் 17 அன்று ‘தி கோல்பேர் ரிப்போர்ட்’ என்ற தனி நிகழ்ச்சியைத் தொடங்கினார். அடுத்தடுத்து ஒளிபரப்பான இந்த இரு நிகழ்ச்சிகளும் தம்மைப் போலிச் செய்தி என்றே அறிவித்துக்கொண்டவை. ரசிகர் வட்டமும் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டது.

கோல்பேர் அங்கே தோன்றியது தானாக அல்ல. ஃபாக்ஸ் நியூஸ் தொகுப்பாளர் பில் ஓ’ரைலியை மாதிரியாகக் கொண்டு, தற்பெருமையும் அறியாமையும் தேசபக்தி முழக்கமும் கலந்த ஒரு வலதுசாரிப் பேச்சாளரை அவர் உருவாக்கினார். அந்தப் பாத்திரத்தின் பெயரும் ஸ்டீபன் கோல்பேர்தான். ஒரே முகம், ஒரே பெயர், இரண்டு ஆட்கள். நிகழ்ச்சி அரங்கின் கணப்படுப்புக்கு மேலே ஓர் ஓவியம் தொங்கும். அதே அடுப்பின் முன், தன் ஓவியத்துக்குக் கீழே கோல்பேர் நிற்பதாக அது வரையப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் புதிய ஓவியம் வரும். அதில் ஓவியத்துக்குள் ஓவியமாக இன்னும் ஓர் அடுக்கு கூடியிருக்கும். 2008இல் அந்த ஓவியம் வாஷிங்டன் தேசிய உருவப்படக் கூடத்திலும் சில காலம் மாட்டப்பட்டது.

இரட்டை ஆளாக நிற்கும் இந்த மனிதரை நோக்கி எழுத்தாளர்கள் திரண்டதில் வியப்பில்லை. அந்தப் பாத்திரத்தைப் பற்றி எழுதினால் அது சாதாரண ரசிகர் புனைவு. நடிகரைப் பற்றி எழுதினால் மெய்யாள் புனைவு. பாத்திரம் நடிகரை நேரில் சந்திப்பதாக எழுதினால் எந்த வகையிலும் சேராது. வட்டத்துக்குள் இந்த வேறுபாட்டைப் பற்றி ஓயாத விவாதம் நடந்தது. ஆழமான கதைகள் பலவும் இந்தப் பிளவிலிருந்தே பிறந்தன. உரத்துப் பேசும் அந்தப் பாத்திரத்தின் உள்ளே தனிமையும் அங்கீகார ஏக்கமும் இருப்பதாக எழுத்தாளர்கள் கண்டுகொண்டார்கள். ஸ்டூவர்ட் அவனுடைய கோமாளித்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும் மூத்த நண்பராக, சில கதைகளில் காதலராக, வருகிறார்.

இதற்கான விதையை நிகழ்ச்சிகளே விதைத்தன. ‘கோல்பேர் ரிப்போர்ட்’டின் தொடக்க ஆண்டுகளில் ‘டெய்லி ஷோ’ முடியும் தருணத்தில் திரை இரண்டாகப் பிரியும். ஒருபுறம் ஸ்டூவர்ட், மறுபுறம் தன் அரங்கில் கோல்பேர். அரை நிமிடம், ஒரு நிமிடம் பேசிச் சிரித்து, ஸ்டூவர்ட் நேரத்தைக் கோல்பேரிடம் ஒப்படைப்பார். ஸ்டூவர்ட் சிரிப்பை அடக்க முடியாமல் தலைகுனிவதும், கோல்பேர் முகத்தை இறுக்கிக்கொண்டு வேடம் கலையாமல் நிற்க முயல்வதும் அந்த நேரத்தில் காணக்கூடியவை. எழுதப்பட்ட வசனம் எங்கே முடிந்து உண்மையான நட்பு எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்வையாளர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. புனைவெழுத்தாளருக்கு அந்த ஒரு நிமிடம் போதுமான மூலப்பொருள்.

பார்வையாளரையும் படைப்பாளராக்கியது கோல்பேர் நிகழ்ச்சி. 2006இல் அவர் பச்சைத் திரைக்கு முன் ஒளிவாள் வீசும் காட்சியைப் பதிவு செய்து, அதை விரும்பியபடி மாற்றி அனுப்பச் சொன்னார். குவிந்த காணொளிகளுக்கு நடுவே, அக்டோபரில் ‘ஸ்டார் வார்ஸ்’ இயக்குநர் ஜார்ஜ் லூகாஸே ஒரு போட்டியாளராக அரங்கில் வந்து நின்றார். பாத்திரமும் ஒரு நாவலாசிரியன்தான். ‘டெக் ஜான்சன்’ என்ற விண்வெளி வீரனைப் பற்றி அவன் எழுதியதாகச் சொல்லப்படும் அறிவியல் புனைகதையின் நாயகன், அச்சு அசலாக அவனைப் போலவே இருப்பான். எல்லாப் போரிலும் வெல்வான், எல்லாப் பெண்களும் அவனை விரும்புவார்கள். 2006 முதல் அது அசைபடத் துணுக்குகளாக ஒளிபரப்பானது. 2007இல் சித்திரக்கதையாகவும் வந்தது. எழுதுபவர் தன்னையே குறையற்ற நாயகனாக்கிக்கொள்வது ரசிகர் புனைவில் புதிதாக எழுதுவோரிடம் அடிக்கடி காணப்படும் பழக்கம். அதைத் தன் பாத்திரத்தின் குணமாகவே வைத்த நிகழ்ச்சிக்கு ரசிகர் எழுத்து அந்நியமாக இருந்திருக்க முடியாது.

இந்தப் பாத்திரத்தை எல்லோரும் ஒரே மாதிரி வாசிக்கவில்லை. ஹெதர் லமார், கிறிஸ்டன் லான்ட்ரெவில், மைக்கேல் பீம் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழமைவாதப் பார்வையாளர்கள் கோல்பேர் வேடிக்கை செய்வதுபோல் நடித்துக்கொண்டே தன் உண்மையான கருத்தைத்தான் சொல்கிறார் என்று நம்பும் போக்கு கூடுதலாக இருந்தது. ஆய்வாளர்கள் அளந்து கண்ட இந்த மயக்கத்தை ரசிகர் எழுத்தாளர்கள் அதற்கு முன்பிருந்தே கதைகளில் கையாண்டுவந்தார்கள். ஒரு புருவ அசைவில் நடிகர் வெளிப்படுகிறாரா, பாத்திரம் நிற்கிறதா என்று காட்சி காட்சியாகப் பார்த்துப் பேசிய அவர்களுடைய உரையாடல்கள் தேர்ந்த தொலைக்காட்சி விமர்சனமாகவே மதிக்கத்தக்கவை.

செய்தி நெறியாளர்களைப் பற்றிய கதைகளுக்குப் பின்னணி வேறு. கேட்ரீனா புயலைப் பற்றி 2005இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆத்திரத்தோடு செய்தி சொன்ன ஆண்டர்சன் கூப்பர் நாடறிந்த முகமானார். எம்எஸ்என்பிசி தொலைக்காட்சியில் ஓல்பர்மன் தினமும் ஓ’ரைலியைச் சாடினார். ஓல்பர்மனின் நிகழ்ச்சியில் விருந்தினராக வந்து, அவர் இல்லாத நாட்களில் அவரிடத்தில் அமர்ந்த மேடோவுக்கு 2008 செப்டம்பரில் அடுத்த ஒரு மணி நேரம் தனியாகக் கிடைத்தது. ஆசான், சீடர், பகைவர் என்ற உறவுகள் இவ்வாறு திரையிலேயே அமைந்தன. 2007 ஜனவரி 18 அன்று கோல்பேர் ஓ’ரைலியின் நிகழ்ச்சிக்கும், அதே நாளில் ஓ’ரைலி கோல்பேரின் நிகழ்ச்சிக்கும் போனார்கள். நகலும் அசலும் எதிரெதிரே அமர்ந்த அந்த இரவு எந்தக் கதாசிரியரும் திட்டமிட்டு எழுதக்கூடிய காட்சி. 2007–08 திரைக்கதாசிரியர் வேலைநிறுத்தத்தின்போது, எழுத ஆளில்லாமல் தவித்த ஸ்டூவர்ட், கோல்பேர், மற்றொரு தொகுப்பாளரான கோனன் ஓ’பிரையன் மூவரும் ஒருவர் அரங்குக்குள் ஒருவர் புகுந்து பொய்ச் சண்டை போட்டதும் அப்படியே.

நெறியாளர் மீது ஏற்படும் இந்த நெருக்க உணர்வைத் தொலைக்காட்சியின் தொடக்க காலத்திலேயே விளக்கியவர்கள் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற சமூகவியலாளர்கள். 1956இல் அவர்கள் எழுதிய கட்டுரை, நாடக நடிகர்களைவிட நிகழ்ச்சி நடத்துபவர்களையே முக்கியமாக எடுத்துக்கொண்டது. நடத்துபவர் கேமராவை நேராகப் பார்க்கிறார், வீட்டில் இருப்பவரிடம் பேசுகிறார், தினமும் அதே நேரத்தில் வருகிறார். பார்ப்பவர் அவரை நண்பராக உணர்கிறார். அவருக்கோ இவர் இருப்பதே தெரியாது. ஒருதலையான இந்த நட்பைத் தொலைக்காட்சி தெரிந்தே வளர்க்கிறது என்பது அவர்களுடைய வாதம். தொலைக்காட்சிக்காரர்கள் வேண்டுமென்றே மூட்டிய உணர்வுக்கு எழுத்தில் வடிவம் கொடுத்தவர்களை மட்டும் பித்துப்பிடித்தவர்கள் என்று ஏசுவது நேர்மையல்ல.

கதைகளின் வடிவம் ஓரளவு ஒரே சீரானது. தலைப்பில் கதையின் பெயர், இணை, வயது வரம்பு, எச்சரிக்கைகள் இருக்கும். அடுத்து மறுப்புரை: இதில் வருவது எதுவும் நடந்ததில்லை, இந்த மனிதர்களை எழுதுபவருக்குத் தெரியாது, இதனால் யாருக்கும் வருமானம் இல்லை. அதன் பிறகே கதை தொடங்கும். கட்சி மாநாட்டு நகரத்தின் விடுதி அறை, படப்பிடிப்பு முடிந்து விளக்கணைந்த அரங்கு, ஒப்பனை அறை, தேர்தல் முடிவு வரும் இரவு ஆகியவை விருப்பமான களங்கள். காதலும் காமமும் நிறைய உண்டு என்றாலும் அவை மட்டுமே அல்ல. நாடு சர்வாதிகாரத்தில் விழுந்தபின் நையாண்டிக்காரர்கள் தலைமறைவாக ஒலிபரப்பும் எதிர்காலக் கதைகள், துப்பறியும் கதைகள், பேய்க் கதைகள் எனப் பல வகை உண்டு. ஜான் ஆலிவர், எட் ஹெல்ம்ஸ், ராப் கார்டிரி, சமந்தா பீ போன்ற துணைச் செய்தியாளர்களும் அவற்றில் நடமாடுவார்கள். எழுத்தின் தரம் ஏறியிறங்கும். நல்ல கதைகளில் ஸ்டூவர்ட்டின் பேச்சோட்டம், தன்னையே குறைத்துக்கொள்ளும் நகைச்சுவை, கோபம் தலைக்கேறும்போது வரும் மௌனம் எல்லாம் கேட்பதுபோலவே இருக்கும்.

வட்டத்தின் நடத்தை விதிகளே அதன் தனிச்சிறப்பு. எழுதாத சட்டம் போல நின்ற முதல் விதி: கதையில் வரும் மனிதரின் கண்ணில் கதை படக்கூடாது. கையெழுத்து வாங்கப் போகும்போதும், படப்பிடிப்பைக் காணப் போகும்போதும், மின்னஞ்சலிலும் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. பதிவுகள் பூட்டப்பட்டன, தேடுபொறிக்கு எட்டாதபடி பெயர்கள் சுருக்கப்பட்டன. அடுத்த விதி குடும்பத்தைப் பற்றியது. மனைவியை இழிவாகக் காட்டுவதும் சிறு பிள்ளைகளை நுழைப்பதும் பொதுவாக வெறுக்கப்பட்டன. கோல்பேருக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1974இல், அவருடைய தந்தையும் இரு அண்ணன்களும் விமான விபத்தில் இறந்தார்கள். அவரே பேட்டிகளில் பேசிய இழப்பு அது. பொதுவெளியில் இருக்கும் துயரம் என்பதற்காக அது கதைக்குப் பயன்படலாமா என்ற கேள்வியில் மெய்யாள் புனைவின் அறச்சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதைவிடக் கடினமானது கூப்பரின் நிலை. அவருடைய பாலின ஈர்ப்பைப் பற்றி ஊடகங்கள் பல ஆண்டுகள் கிசுகிசுத்தன. செய்தியாளரின் அந்தரங்கம், ஆபத்தான நாடுகளில் பணியாற்றும் நிலை ஆகியவற்றைக் கருதி அதுவரை மௌனம் காத்ததாக விளக்கி, 2012 ஜூலை 2 அன்று வெளியான கடிதத்தில் தாம் தன்பாலீர்ப்பாளர் என்று அவர் அறிவித்தார். அதற்கு முன்பே அவர் கதைகளில் இடம்பெற்றிருந்தார். நடக்கவே வாய்ப்பில்லாத காதலைக் கற்பனை செய்வது ஒன்று. ஒருவர் சொல்லாமல் வைத்திருப்பதை ஊகித்து எழுதுவது வேறு. இரண்டாவது, கதை என்ற பெயர் தாங்கினாலும் வதந்திக்கு அருகில் போய்விடுகிறது. மறுப்புரை இங்கே முழுப் பாதுகாப்பு ஆகாது.

சட்டம் எழுத்தாளர்களின் பக்கமே பெரிதும் சாய்கிறது. 1988இல் ஹஸ்லர் இதழுக்கும் மதபோதகர் ஜெர்ரி ஃபால்வெலுக்கும் இடையிலான வழக்கில், உண்மை என்று யாரும் நம்ப முடியாத கேலிச்சித்திரிப்புக்காகப் பொதுமனிதர் மனவேதனை இழப்பீடு கோர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இது கற்பனை என்று முதல் வரியிலேயே அறிவித்து, காசும் வாங்காத கதை அவதூறு வழக்கில் சிக்குவது அரிது. எதிர்பாராத சட்டச்சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. 2014 டிசம்பர் 18 அன்று ‘கோல்பேர் ரிப்போர்ட்’ முடிந்தது. இறுதி நிகழ்ச்சியில் பாத்திரம் மரணதேவனைக் கொன்று சாகாவரம் பெற்று, கிறிஸ்துமஸ் தாத்தாவோடும் ஆபிரகாம் லிங்கனோடும் பனிவண்டியில் பறந்து போனது. கோல்பேர் சிபிஎஸ் நிறுவனத்தின் ‘லேட் ஷோ’வுக்குத் தன் சொந்த ஆளாகப் போனார். 2016 ஜூலையில், குடியரசுக் கட்சி மாநாட்டின்போது அவர் பழைய பாத்திரத்தை மீண்டும் மேடையேற்றினார். உடனே, அந்தப் பாத்திரம் தங்கள் சொத்து என்று முன்னாள் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் உரிமை கோரியதாக அவரே நிகழ்ச்சியில் அறிவித்தார். அடுத்து அவர் கொண்டுவந்தது அந்தப் பாத்திரத்தின் ‘இரட்டைப் பிறவி ஒன்றுவிட்ட சகோதரன்’ என்ற புதிய ஆளை. அவன் பெயரும் ஸ்டீபன் கோல்பேர். தன் பெயரும் முகமும் கொண்ட ஒருவன் வேறொருவரின் உடைமை என்று ஒரு மனிதரிடம் சொல்லப்பட்டது. கோல்பேர் என்ற கதாபாத்திரம் கோல்பேர் என்ற மனிதர் அல்ல என்று பத்தாண்டு முன்பே பிரித்துவைத்த ரசிகர் எழுத்தாளர்களின் வகைப்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

அச்சிலக்கியம் இதே வேலையைச் செய்யும்போது கிடைக்கும் மரியாதையும் கவனிக்கத்தக்கது. ராபர்ட் கூவர் 1977இல் வெளியிட்ட ‘தி பப்ளிக் பர்னிங்’ நாவலில் கதைசொல்லிகளில் ஒருவர் அப்போது உயிரோடிருந்த ரிச்சர்ட் நிக்சன். 2018இல் ஒபாமாவும் பைடனும் துப்பறியும் ‘ஹோப் நெவர் டைஸ்’ வெளிவந்தது. ஹிலாரி, பில் கிளின்டனை மணக்காமல் போயிருந்தால் என்ற கற்பனையில் கர்ட்டிஸ் சிட்டன்ஃபெல்ட் எழுதிய ‘ராடம்’ 2020இல் வந்தது. இவை நாவல்களாக மதிப்புரை பெற்றன. பெண்கள் பெயர் மறைத்து, விலையின்றி எழுதியவை மட்டும் கேலிக்குள்ளாயின. 2013 டிசம்பரில் லண்டனில் நடந்த ‘ஷெர்லாக்’ தொலைக்காட்சித் தொடரின் முன்னோட்டக் காட்சியில், ரசிகர் எழுதிய கதையின் பகுதியை மேடையில் நடிகர்களையே வாசிக்கவைத்தார் நிகழ்ச்சியை நடத்திய பத்திரிகையாளர். எழுதியவரிடம் அனுமதி கேட்கப்படவில்லை. திரைக்குப் பின்னால் இருக்க விரும்பிய எழுத்தைச் சிரிப்புக்காக வெளிச்சத்துக்கு இழுத்ததை ரசிகர் உலகம் கடுமையாகக் கண்டித்தது, கண்டித்தது சரியே.

வட்டம் கரைந்ததற்குக் காரணங்கள் பல. லைவ்ஜர்னல் 2007 மே மாதத்தில் சுமார் ஐந்நூறு கணக்குகளை முன்னறிவிப்பின்றி முடக்கியது. வணிக நிறுவனத்தின் தயவில் எழுத்தை வைத்திருப்பது ஆபத்து என்று எழுத்தாளர்கள் உணர்ந்தார்கள். அதே ஆண்டு ரசிகர்களே தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு, 2009 நவம்பரில் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற கதைக் களஞ்சியத்தைத் திறந்தது. மெய்யாள் புனைவுக்கு அங்கே தடை இல்லை. 2019இல் அந்தக் களஞ்சியம் ஹியூகோ விருது பெற்றது. பழைய கதைகளில் ஒரு பகுதி அங்கே குடிபெயர்ந்தது. ஆனால் 2014 டிசம்பரில் கோல்பேரும் 2015 ஆகஸ்டில் ஸ்டூவர்ட்டும் விலகியதால் இரு நாயகர்களும் அடுத்தடுத்த நிகழ்ச்சிகளில் இல்லாமல் போனார்கள். 2016க்குப் பிந்தைய அரசியல் சூழல் நையாண்டியின் மனநிலையையே மாற்றியது. ஸ்டூவர்ட் 2024 பிப்ரவரி முதல் திங்கட்கிழமைகளில் திரும்பிவந்தபோதும் பழைய கூட்டம் பழைய இடத்தில் இல்லை.

எஞ்சியிருப்பவற்றை ஆராய வருவோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பூட்டிய பதிவுகள் பல, எழுதியவர்களின் விருப்பத்தாலேயே அழிக்கப்பட்டன. கிடைக்கும் கதைகளையும் அந்தப் பெண்கள் அந்நியர் கண்ணுக்காக எழுதவில்லை. எனவே மேற்கோள் காட்டும் முன் எழுதியவரைத் தேடி அனுமதி பெற வேண்டும். பெற முடியாவிட்டால் கதையைச் சுட்டாமல் வகையை மட்டும் விவரிப்பதே முறை.